ஒன்பதில் தொடங்கும் எண்

இர்விங்கில் புதிதாக வந்து இறங்கும் தமிழர்களை முன்பே வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சோஷியல் வந்துடுச்சா?" என்பதுதான். சாப்பாடு, வீடு, குளிருக்குச் சட்டை எல்லாம் அதற்கப்புறம். டெக்சஸ் மாநிலத்தில் டல்லாசை ஒட்டிய ஊர் இர்விங். அதன் வடக்குப் பகுதி அடுக்ககங்களில் மாலை நேரத்தில் நடந்தால் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு குக்கர் விசில் கேட்கும். அங்கே நடைபாதையில் எதிர்ப்படும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். எங்களைக் கேட்டவர் கீழ்வீட்டு மதுரைக்கார அக்கா.

சோஷியல் என்றால் சோஷியல் செக்யூரிட்டி எண். ஒன்பது இலக்கம். ரூஸ்வெல்ட் ஆட்சியில் 1935இல் முதியோர் ஓய்வூதியத்துக்கான சட்டம் வந்தது. யார் எவ்வளவு சம்பாதித்தார், அவர் பங்கு எவ்வளவு என்று கணக்கு வைப்பதற்காக 1936இல் இந்த எண்ணைக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஓய்வூதியக் கணக்குக்காகப் பிறந்த எண் போகப் போக எல்லாவற்றிலும் நுழைந்துவிட்டது. வாடகைக்கு வீடு கேட்டால் அந்த எண், மின் இணைப்புக்கு அந்த எண், செல்போனுக்கு, கிரெடிட் கார்டுக்கு, கார்க் கடனுக்கு எல்லாம் அதே எண். என் வீட்டுக்காரருக்கு வந்த சில வாரங்களிலேயே கிடைத்துவிட்டது. அவர் எச்-1பி விசாவில் வந்தவர், வேலை செய்ய அனுமதி உள்ளவர். நான் எச்-4, அவரைச் சார்ந்து வந்தவள். வேலைக்கு அனுமதி கிடையாது, ஆகவே சோஷியலும் கிடையாது.

எனக்கு ஊரில் எண்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. குடும்ப அட்டையில் நான் நாலாவது பெயர். வாக்காளர் அட்டை, பான், ஆதார், பி.எஃப். கணக்கு, கோயம்புத்தூரில் நான் விரிவுரையாளராக இருந்த பொறியியல் கல்லூரியின் ஊழியர் எண் என்று பர்ஸ் நிறைய அட்டை வைத்திருந்தேன். 2015 செப்டம்பரில் டல்லாஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது அத்தனையும் பையில்தான் இருந்தன. எதையும் யாரும் கேட்கவில்லை. கேட்டது பாஸ்போர்ட்டை மட்டும்.

மதுரை அக்காதான் சொன்னார், "நீ போய்க் கேளு. தரமாட்டாங்க. தரமாட்டோம்னு ஒரு லெட்டர் குடுப்பாங்க பாரு, அதை வாங்கி வச்சுக்க. எங்கயாவது ஒதவும்." அவர் இதற்கு முன் இருந்த மாநிலத்தில் டிரைவிங் லைசென்ஸ் எடுக்க அந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்கிறது. ஒன்றை வாங்கப் போவது தெரியும், கிடைக்காததை வாங்கப் போவது எனக்குப் புதிது. சோஷியல் அலுவலகத்தில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் மிகவும் மரியாதையாகப் பேசினார். என் விசா வகையைப் பார்த்தார், கணினியில் எதையோ தட்டினார், ஒரு தாளை அச்சிட்டு நீட்டினார். என் விசா நிலையில் எனக்கு எண் வழங்க இயலாது என்ற கடிதம். அந்த நாட்டில் என் பெயருக்கு மட்டும் வந்த முதல் அரசாங்கக் கடிதம் அதுதான். அதுவரை மின்சார பில், வாடகை ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றிலும் நான் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே இருந்தேன். சிரிப்பாக இருந்தாலும், அந்தத் தாளை மடிக்காமல் கோப்பில் போட்டு வைத்துக்கொண்டேன்.

ஜனவரி பிறந்ததும் வரிப் பேச்சு தொடங்கியது. அமெரிக்காவில் வரிக்கணக்கு கொடுப்பது ஊரிலிருக்கும் பொங்கல் மாதிரி எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு பருவம். அலுவலகத்தில் சாப்பாட்டு மேசையில், கோயில் பிரசாத வரிசையில், குழந்தைகள் விளையாடும் புல்வெளியில் எல்லாம் அதே பேச்சு. "இந்த வருஷம் ஜாயின்ட்டா ஃபைல் பண்ணுங்க, ஒய்ஃப்க்கு ஐடின் எடுத்துருங்க" என்றார் வீட்டுக்காரருடைய சக ஊழியர்.

ஐடின் என்று நம்மவர்கள் சொல்வது வரி செலுத்துவோருக்கான தனி அடையாள எண்ணை. சோஷியல் பெறத் தகுதியில்லாத, ஆனால் வரிப் படிவத்தில் இடம்பெற வேண்டியவர்களுக்காக வருமான வரித் துறை தரும் எண் அது. முன்பெல்லாம் வரிக்காக மட்டும் தேவைப்பட்டவர்களுக்கும் சோஷியல் அலுவலகமே எண் கொடுத்துக்கொண்டிருந்தது. அது நின்று, 1996இல் வரித் துறை தன் கையால் தனி எண் போடத் தொடங்கியது. வடிவம் அப்படியே சோஷியல் மாதிரிதான், மூன்று இலக்கம், இரண்டு இலக்கம், நான்கு இலக்கம். ஒரே ஒரு வித்தியாசம், ஐடின் எப்போதும் ஒன்பதில் தொடங்கும். சோஷியல் ஒருபோதும் ஒன்பதில் தொடங்காது. பார்த்த மாத்திரத்தில் ஆள் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

எனக்கு எண் எடுப்பதில் வீட்டுக்காரர் காட்டிய ஆர்வத்துக்குக் காரணம் கணக்கு. 2015ஆம் ஆண்டுக்கு, மணமானவர் தனியாகக் கணக்குக் கொடுத்தால் 6,300 டாலர் நிலையான கழிவும் தலைக்கு 4,000 டாலர் விலக்கும் உண்டு. இருவரும் சேர்ந்து கொடுத்தால் கழிவு 12,600, விலக்கு இரண்டு தலைக்கு 8,000. அதாவது 10,300 டாலருக்கு வரியில்லை என்பது 20,600 டாலருக்கு வரியில்லை என்று ஆகும். வரி விகிதப் படிகளும் அகலமாகும். சம்பளமே வாங்காத நான் ஒரு எண்ணாக மாறினால் வீட்டுக்கு லாபம். "உன்னால எனக்கு எவ்வளவு மிச்சம் பாரு" என்று அவர் பெருமையாகச் சொன்னார். எட்டு வருஷம் பாடம் நடத்திச் சம்பாதித்தவளுக்கு அது பாராட்டாகக் கேட்கவில்லை. ஆனால் பதில் சொல்லவும் தோன்றவில்லை, காரணம் கணக்கு சரியாக இருந்தது.

விண்ணப்பத்துக்கு டபிள்யூ-7 என்று பெயர். ஏன் இந்த எண் வேண்டும் என்பதற்குக் கட்டங்கள் இருக்கும், ஒன்றில் குறியிட வேண்டும். எனக்கானது, வரி நோக்கில் இங்கே வசிப்பவராகக் கருதப்படுபவரின் வாழ்க்கைத் துணை என்ற கட்டம். அதில் அவர் பெயரையும் அவர் சோஷியலையும் எழுத வேண்டும். அது போக, இதைத் தனியாக அனுப்ப முடியாது. அந்த வருஷத்து வரிப் படிவத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். படிவத்தில் என் எண் எழுத வேண்டிய இடம் வெற்றாக இருக்கும். எண் இல்லாததால் இணையம் வழி அனுப்ப முடியாது, தாளில் அச்சிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, தபாலில் ஆஸ்டினுக்கு அனுப்ப வேண்டும். டெக்சஸின் தலைநகரம் ஆஸ்டின். நாட்டின் எந்த மூலையிலிருந்து எழுதினாலும் ஐடின் விண்ணப்பம் அங்கேதான் போகும்.

இதில் இன்னொரு முடிச்சு இருந்தது. நான் செப்டம்பரில் வந்தவள். அந்த ஆண்டின் பெரும்பகுதி நான் அங்கே இல்லவே இல்லை. சேர்ந்து கணக்குக் கொடுக்க வேண்டுமானால், அந்த வருஷம் முழுக்க என்னை அமெரிக்காவில் வசித்தவளாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று இருவரும் ஒரு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு இணைக்க வேண்டும். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அப்படிக் கருதிக்கொண்டால், உலகத்தில் எங்கே சம்பாதித்திருந்தாலும் அதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே ஆகஸ்ட் வரை கோயம்புத்தூரில் நான் வாங்கிய சம்பளம் அமெரிக்க வரிப் படிவத்துக்குள் வந்தது. விடைத்தாள் திருத்திய பணம், தேர்வு மேற்பார்வைப் படி எல்லாம் சேர்த்து டாலருக்கு மாற்றிப் பார்த்தேன். அந்தத் தொகை இருந்த அழகைப் பார்த்துவிட்டு இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர், "பரவாயில்ல, வரி ஒண்ணும் பெருசா ஏறாது" என்றார். அந்தப் படிவத்தில் எனக்குப் பிடித்தது என் சம்பளம் இருந்த அந்த வரிதான். மற்ற இடத்திலெல்லாம் நான் துணை, அங்கே மட்டும் நான் சம்பாதித்தவள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பாஸ்போர்ட். அடையாளத்தையும் குடியுரிமையையும் நிரூபிக்க வரித் துறை பதின்மூன்று வகை ஆவணங்களை ஏற்கிறது. ஆனால் ஒற்றை ஆளாக நின்று இரண்டையும் நிரூபிக்கக்கூடியது பாஸ்போர்ட் மட்டும்தான். முன்பு நோட்டரி முத்திரை போட்ட நகல் போதும் என்றிருந்தது. மோசடிகள் பெருகியதாகச் சொல்லி 2012இல் அதை நிறுத்திவிட்டார்கள். இனி மூல பாஸ்போர்ட், அல்லது அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல். எண் வர ஏழு வாரம் ஆகும், வரிப் பருவமாக இருந்தால் ஒன்பதிலிருந்து பதினொரு வாரம் வரைகூட ஆகலாம். மூல பாஸ்போர்ட்டை அனுப்பினால் அது திரும்பி வரும்வரை கையில் எதுவும் இருக்காது.

வெளிநாட்டில் இருப்பவரிடம் பாஸ்போர்ட்டைத் தபாலில் போடு என்று சொல்வது என்ன என்பது வெளிநாட்டில் இருந்தவருக்குத்தான் தெரியும். அதில்தான் விசா ஒட்டியிருக்கிறது. ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று இரவில் போன் வந்தால், விடிவதற்குள் டிக்கெட் போட அது கையில் இருக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, "பாஸ்போர்ட்டப் போயி போஸ்ட்ல போடுவாங்களாடி? அது என்ன கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டாள். அப்பாவுக்கு அப்போது சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்தியத் துணைத் தூதரகம் ஹூஸ்டனில், காரில் நாலு மணி நேரம். அதற்குள் இன்னொரு வழி தெரிய வந்தது. வரித் துறை அங்கீகரித்த சான்றளிக்கும் முகவர்கள் உண்டு. அவர்கள் நம்மை நேரில் பார்த்துப் பேசி, மூல பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, பார்த்தோம் என்று ஒரு சான்றிதழ் இணைத்துவிடுவார்கள். பாஸ்போர்ட் அன்றே நம் கைக்கு வந்துவிடும். கட்டணம் வாங்குவார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த முகவர், இர்விங்கின் தெற்குப் பகுதியில் இருந்தார்.

அதே ஊர்தான். ஆனால் வடக்கே இருக்கும் எங்களுக்குத் தெற்கே போக வேலையே வந்ததில்லை. அங்கே கடைப்பலகைகள் எல்லாம் ஸ்பானிஷ் மொழியில். ஒரு டயர் கடை, ஒரு டாக்கோ கடை, ரொட்டிக் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, அதற்கடுத்து "இம்புவெஸ்தோஸ், ஐடின்" என்று பெரிய எழுத்தில் துணிப் பதாகை கட்டிய அலுவலகம். இம்புவெஸ்தோஸ் என்றால் வரி. அதுவரை ஐடின் என்றால் எச்-4 மனைவிகளுக்காக ஏற்பட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நமக்குத் தெரிந்த ஐடின்காரர்கள் எல்லாம் நம் வாட்ஸப் குழுவில் இருப்பவர்கள்தானே. அந்த அலுவலகத்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் எங்களைத் தவிர இந்தியர் ஒருவர்கூட இல்லை. கூரை வேலை செய்பவர்களின் தார் படிந்த பூட்ஸ், குழந்தையை மடியில் வைத்திருந்த பெண்கள், வேலைச் சீருடையிலேயே வந்திருந்த சமையற்காரர் ஒருவர். எல்லார் கையிலும் கோப்பு.

எனக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி இருந்தார். என் ஆங்கிலத்தை அவரும் அவர் ஆங்கிலத்தை நானும் பாதி புரிந்துகொண்டோம். கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினார். ஓரம் நைந்து, பிளாஸ்டிக் உறை மஞ்சளித்துப் போயிருந்தது. பார்த்தால் சோஷியல் அட்டை மாதிரியே இருந்தது, ஆனால் எண் ஒன்பதில் தொடங்கியது. ஐடினை முன்பு அட்டையாகத்தான் கொடுத்தார்கள், சோஷியலோடு குழப்பம் வருகிறது என்று 2003 டிசம்பரில் அதை நிறுத்திக் கடிதமாக மாற்றிவிட்டார்கள் என்று முகவர் பிறகு சொன்னார். அப்படியானால் அந்த அம்மாள் அதற்கும் முன்பிருந்தே வரி கட்டிக்கொண்டிருக்கிறார்.

என்ன வேலை என்று நான் கேட்டேன். லாஸ் கொலினாஸ் என்றார். இர்விங்கின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கும் வட்டாரம் அது. தண்ணீரில் பாய்ந்தோடும் வெண்கலக் குதிரைச் சிலைகளைப் பார்க்க எல்லாரும் போகும் இடம். என் வீட்டுக்காரரின் அலுவலகமும் அங்கேதான். இந்த அம்மாள் இரவில் போய் அங்கே தரை துடைத்து, குப்பைக் கூடைகளைக் காலி செய்கிறவர். ஒரு ஒப்பந்தக்காரருக்குக் கீழே. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். வேலை செய்ய எனக்கு அனுமதியில்லை, விசா அப்படி என்றேன். அவருக்குப் புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். தன்னைத் தொட்டுக் காட்டி, வேலை இருக்கிறது, பேப்பர் இல்லை என்றார். என்னைத் தொட்டு, பேப்பர் இருக்கிறது, வேலை இல்லை. நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் போனிலிருந்து தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் பார்த்தார்.

அந்த நாட்டில் இருக்க எனக்கு உரிமை உண்டு, உழைக்க இல்லை. அவர் உழைக்கிறார், இருக்க உரிமை இல்லை. வரித் துறை எங்கள் இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து ஒரே வகை எண்ணைக் கொடுத்தது. அவரவர் எப்படி வந்தார்கள் என்பது வரித் துறையின் கேள்வியே இல்லை. சம்பாதித்தாயா, கட்டு என்பதோடு அதன் அக்கறை முடிந்துவிடுகிறது. அது எனக்கு ஒருவிதத்தில் நியாயமாகவும் பட்டது.

ஆனால் கட்டுகிற பணத்தின் கதி வேறு. ஒப்பந்த வேலை செய்பவர் சுயதொழில் வரியாக 15.3 விழுக்காடு கட்ட வேண்டும். அதில் பெரும்பங்கு சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. ஐடின் வைத்திருப்பவர் அந்த ஓய்வூதியத்தைக் கேட்க முடியாது. குறைந்த வருமானக்காரர்களுக்குத் தரும் வரிச் சலுகையும் கிடையாது. வரிக் கொள்கையை ஆராயும் ஒரு நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆவணமில்லாதவர்கள் 2022ஆம் ஆண்டில் மட்டும் கட்டிய மொத்த வரி 9,670 கோடி டாலர். அவர்களால் எடுக்க முடியாத ஓய்வூதிய நிதிக்கு அதில் போனது 2,570 கோடி. தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சியில் யாராவது "வரி கட்டாமல் சுரண்டுகிறார்கள்" என்று கத்தும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சளித்த அட்டை ஞாபகம் வரும்.

அப்புறம் ஏன் கட்டுகிறார்கள்? முகவரிடம் கேட்டேன். அவருடைய பெற்றோரும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள்தான். "எண்பத்தாறு" என்றார். 1986இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வக் குடியிருப்பு கிடைத்தது. இன்னொரு முறை அப்படி ஒன்று வந்தால், இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தேன், ஒழுங்காக வரி கட்டினேன் என்று காட்டத் தாள் வேண்டுமல்லவா? அந்தக் கூடத்தில் எல்லார் கையிலும் இருந்த கோப்பு அதற்காகத்தான். என்னுடைய கோப்பில் ஒரே ஒரு மறுப்புக் கடிதம் இருந்தது.

என் முறை வந்தது. முகவர் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறந்த ஊர் தஞ்சாவூர் என்பதை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தார். வரிப் படிவம், டபிள்யூ-7, அறிக்கை, அவருடைய சான்றிதழ் எல்லாம் ஒரு பெரிய உறைக்குள் போயின. அந்த வருஷம் கெடு ஏப்ரல் 15 இல்லை, 18. வாஷிங்டன் நகரத்தில் 1862இல் அடிமைகள் விடுவிக்கப்பட்ட நாளைக் கொண்டாடும் விடுமுறை குறுக்கே வந்ததால் நாடு முழுவதற்கும் கெடு தள்ளிப்போயிருந்தது. பாஸ்போர்ட் என் கைப்பையிலேயே வீடு திரும்பியது. அம்மாவுக்கு முதலில் அதைத்தான் சொன்னேன்.

கோடை வெயில் ஏறிய பிறகு ஆஸ்டினிலிருந்து கடிதம் வந்தது. என் பெயர், கீழே எண். வேலை செய்யும் உரிமையை இது தராது, குடியேற்ற நிலையை மாற்றாது, வரிக்கு வெளியே அடையாளமாகப் பயன்படாது என்று எதற்கெல்லாம் ஆகாது என்பதன் பட்டியல்தான் பெரிதாக இருந்தது. இருந்தாலும் அதை வைத்து ஒரு வங்கியில் என் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க முடிந்தது. ஊரில் சேர்த்து வைத்திருந்ததில் கொஞ்சத்தை அதில் போட்டேன். வீட்டுக்காரர், "நம்ம ஜாயின்ட் அக்கவுன்ட் இருக்கே, எதுக்கு?" என்றார். இருக்கட்டுமே என்றேன்.

2017இல் மகன் பிறந்தான். மருத்துவமனையில் பிறப்புப் பதிவுப் படிவம் கொண்டுவந்து கொடுத்தார்கள். குழந்தைக்கு சோஷியல் எண் வேண்டுமா என்று அதில் ஒரு கட்டம். வேண்டும் என்று குறியிட்டேன், வேலை முடிந்தது. கழுத்து நிற்பதற்குள் அவனுக்கு அட்டை தபாலில் வந்துவிட்டது. அதைப் பிரித்த அன்று அவன் என் தோளில் கக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பதினேழு வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய எனக்குத் தர முடியாதென்ற எண், பால் குடிக்கத் தெரிந்தவனுக்கு வீடு தேடி வந்தது. பொறாமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அட்டையை என் மறுப்புக் கடிதம் இருந்த அதே கோப்பில் வைக்கும்போது ஒரு தரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

இந்த ஒன்பதின் உண்மையான எடை 2020இல்தான் தெரிந்தது. கொரோனா முடக்கத்தின்போது, மார்ச் மாதக் கடைசியில் நிவாரணச் சட்டம் வந்தது. ஆளுக்கு 1,200 டாலர், குழந்தைக்கு 500. ஆனால் சேர்ந்து கணக்குக் கொடுத்த தம்பதியில் ஒருவருக்கு சோஷியல் இல்லாவிட்டாலும் குடும்பத்துக்கே எதுவும் கிடையாது. ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. வரியை மிச்சம் பிடிப்பதற்காக என்னைச் சேர்த்த அதே படிவம், இப்போது என் வீட்டுக்காரரின் பணத்தையும், பிறப்பால் அமெரிக்கக் குடிமகனான மகனின் பணத்தையும் சேர்த்துத் தடுத்தது. தமிழ் வாட்ஸப் குழுக்களில் அந்த வாரம் நடந்த சண்டை சொல்லி மாளாது. "தனியா ஃபைல் பண்ணியிருந்தா கெடைச்சிருக்கும்" என்று ஒருவர் எழுத, "அப்ப நாலு வருஷமா மிச்சம் புடிச்சத திருப்பிக் குடு" என்று இன்னொருவர் எழுத, மதுரை அக்கா குழுவை விட்டே வெளியேறினார். நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. வீட்டிலிருந்தபடி அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், சம்பளம் வந்துகொண்டிருந்தது.

டிசம்பரில் வந்த சட்டம் அதைத் திருத்தியது. தம்பதியில் சோஷியல் உள்ளவருக்கும் குழந்தைக்கும் உண்டு, ஐடின்காரருக்கு மட்டும் இல்லை. விட்டுப்போனதை அடுத்த வரிக்கணக்கில் வாங்கிக்கொண்டோம். ஆனால் கணவன் மனைவி இருவருமே ஐடின் என்றால், அவர்களுடைய குழந்தை அங்கேயே பிறந்திருந்தாலும் அப்போதும் ஒன்றுமில்லை. 2021 மார்ச்சில் வந்த மூன்றாவது சட்டத்தில்தான் அந்தக் குழந்தைகளின் பங்கு வந்தது. கோபுரங்கள் காலியாகிக் கிடந்த அந்த மாதங்களில் கோபுரம் துடைப்பவர்களுக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்று யோசித்தேன். விசாரிக்க அந்த அம்மாளின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அதே 2021இல் எனக்கு வேலை அனுமதி வந்தது. கிரீன் கார்டு வழியில் முதலாளியின் மனு ஏற்கப்பட்ட எச்-1பிக்காரர்களின் மனைவிகள் வேலை செய்யலாம் என்று 2015 மே மாதத்திலேயே விதி வந்துவிட்டது. எங்களுக்கு அந்த மனு தாமதமாகத்தான் அமைந்தது. அனுமதியோடு சோஷியலும் வந்தது. "உள்துறைப் பாதுகாப்பு அனுமதியோடு மட்டுமே வேலைக்குச் செல்லும்" என்று அட்டையின் நெற்றியிலேயே அச்சடித்திருந்தார்கள். அது என்னைப் பாதிக்கவில்லை. ஒரு சமுதாயக் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கச் சேர்ந்தேன், ஒரு பருவம் போனதும் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது.

இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. சோஷியல் வந்ததும் ஐடினைக் கைவிட வேண்டும். பழைய எண்ணில் உள்ள பதிவுகளை எல்லாம் புதிய எண்ணோடு சேர்த்துவிடுங்கள் என்று ஆஸ்டினுக்குக் கடிதம் எழுத வேண்டும், சோஷியல் அட்டை, ஐடின் கடிதம் இரண்டின் நகலோடு. எழுதிப் போட்டேன். என் ஒன்பது அதோடு ரத்தானது. பழைய எண் சும்மா கிடந்தாலும் ஆயுள் குறைவுதான். 2015 டிசம்பரில் வந்த ஒரு சட்டப்படி, மூன்று ஆண்டு தொடர்ந்து வரிப் படிவத்தில் பயன்படுத்தாத ஐடின் தானாகக் காலாவதியாகும். நான் ஐடினைக் கடந்து வந்துவிட்டேன். எங்கள் குழுவில் பெரும்பாலோர் கடந்து வந்துவிட்டார்கள். நமக்கு அது ஒரு காத்திருப்பு அறை. தெற்கு இர்விங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதுவே வீடு.

சோஷியல் வந்த பிறகும் வரிக்கணக்கை அந்த முகவரிடமே கொடுத்துவந்தோம். இணையத்தில் நாமே செய்யலாம் என்று வீட்டுக்காரர் வருஷா வருஷம் சொல்வார். எனக்கு அங்கே போகப் பிடித்திருந்தது. 2025 ஏப்ரலில் போனபோது கெடுவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரம்தான் நிதித் துறையும் உள்துறைப் பாதுகாப்புத் துறையும் உடன்பாடு போட்டிருந்தன. நாட்டை விட்டு வெளியேற உத்தரவிடப்பட்டவர்களைத் தேட, வரித் துறையிடம் உள்ள முகவரிகளைக் குடியேற்ற அதிகாரிகள் கேட்டு வாங்கலாம் என்பது அதன் சாரம்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. நிக்சன் காலத்தில் வெள்ளை மாளிகை தனக்கு வேண்டாதவர்களின் வரிப் பதிவுகளைத் தோண்டப் பார்த்தது. வாட்டர்கேட் எல்லாம் வெடித்து அடங்கிய பிறகு, 1976இல் வரித் தகவல்களை ரகசியமாகக் காக்கும் கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். குற்ற வழக்கு போன்ற சில விதிவிலக்குகள் அதில் உண்டு. அந்தச் சட்டத்தை நம்பித்தான், நீங்கள் யாரென்று நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம், வரியை மட்டும் கட்டுங்கள் என்று இத்தனை காலம் சொல்லிவந்தார்கள். 2025இல் அந்த விதிவிலக்கின் வழியாகவே கதவு திறந்தது. உடன்பாடு வெளியானதும் வரித் துறையின் தற்காலிகத் தலைவர் பதவி விலகினார். வழக்குகளும் நடந்தன.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. வரித் துறையிடம் யாருடைய முகவரி இருக்கும்? வருஷம் தவறாமல் கணக்குக் கொடுத்தவர்களுடையது. கையில் காசு வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவர்களின் முகவரி யாரிடமும் இல்லை. எண்பத்தாறு மாதிரி ஒன்று வரும் என்று சேர்த்து வைத்த தாள்களே வழிகாட்டிப் பலகையாகப் போவது போலிருந்தது.

முகவரிடம் கேட்டேன், ஆட்கள் வருகிறார்களா என்று. வருகிறார்கள் என்றார். கணக்குக் கொடுக்காமல் விட்டால் அதுவும் குற்றம்தான், ஆகவே கொடுங்கள் என்றுதான் தன்னால் சொல்ல முடியும் என்றார். முன்பெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது, எவ்வளவு திரும்ப வரும் என்று. அந்த வருஷம், முகவரிக் கட்டத்தில் எதை எழுதுவது என்று கேட்டார்களாம்.